தலையணை

பிள்ளை பெற்ற வீட்டில் துடக்கு என்று உப்புவெளியில் எவரும் எங்கள் படலையைத் திறக்கவில்லை. கணவர் கடலுக்குப் போயிருந்தார். விடிந்ததிலிருந்து குழந்தை வீரிட்டுக்கொண்டே இருந்தான். அந்தச் சத்தம் நின்றால் போதும் என்றிருந்தது. பார்த்தால், என் கையில் தலையணை.

அப்போதுதான் வீடுவீடாக வந்து குழந்தைகளை நிறுக்கும் மருத்துவிச்சியின் சைக்கிள் மணி கேட்டது.

"பிள்ளை நித்திரை. பிறகு வாங்கோ, மிஸி" என்றேன். குழந்தையோ அலறிக்கொண்டிருந்தான்.

அவர் உள்ளே வந்து தலையணையைப் பார்த்தார். அதை வாங்கிப் பாயில் போட்டார்.

"நீங்கள் படுங்கோ தங்கச்சி. பிள்ளையை நான் வைச்சிருக்கிறன்."

அதே தலையணையில் அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன்.

பிறகு வந்தபோதெல்லாம், குழந்தையை நிறுக்குமுன் அவர் என் கைகளைத்தான் பார்ப்பார். மகன் வளர்ந்துவிட்டான். என் கைகளை நான் இன்னும் பார்த்துக்கொள்கிறேன்.