தொட்டிக்குள் விடமுடியாத கை

ஆவணி பிறந்தும் வெயில் இறங்கவில்லை. தீபாவளி சீசன் என்பதால் நாரணாபுரம் பட்டாசு கம்பெனியில் எங்களுக்கு ஓய்வே கிடையாது. அன்று சாயங்காலம் வீடு திரும்பினால் தெருவிலேயே கரண்டு இல்லை. மகள் வளர்க்கும் தங்கமீன் தொட்டியில் காற்று மோட்டார் நின்றிருக்குமே என்று பதறிக்கொண்டு நுழைந்தேன்.

உள்ளே தண்ணீர் விழும் சத்தம். நான் சாவி கொடுத்து வைத்திருந்த பக்கத்து வீட்டு ஆயிஷா அக்கா, சூடேறாமல் இருக்கத் தொட்டியைச் சுற்றி ஈரத்துணி கட்டிவிட்டு, அதே தண்ணீரைச் செம்பில் மோந்து, உயரத் தூக்கித் திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தார். நோன்பு மாதம். உதடெல்லாம் காய்ந்திருந்தது.

"குடுங்கக்கா, நான் ஊத்துறேன்."

"கையப் பாரு தாயி. அந்த மருந்து பட்டா மீனு செத்துரும்."

முழங்கை வரை பட்டாசுக்குப் போடும் வெள்ளி மருந்து அப்பியிருந்தது. சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். எழுந்துபோய்க் குடிதண்ணீர்ப் பானையில் வேறு செம்பு மோந்து வந்தார்.

"அண்ணாந்துக்க."

மீனுக்கு ஊற்றியது போலவே உயரத் தூக்கி என் வாயில் ஊற்றினார்.

கம்பெனியில் மருந்து சூடாகக் கூடாதென்று பார்ப்பார்கள். வீட்டில் தொட்டி சூடாகக் கூடாதென்று நான் பார்ப்பேன். எனக்குத் தாகமா என்று பார்த்தது, விடிந்ததிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காத அக்காதான்.