காற்றை அளக்கும் கம்பி

மலையிலிருந்து இறங்கும்போது என் கார் நின்றுபோகும் இடங்களுக்கெல்லாம் பூக்களின் பெயர். மேகமலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளுக்கு யாரோ ஒரு ரசனைக்காரர் பூப்பெயர் சூட்டிப் பலகை நட்டிருக்கிறார். அதனால் எங்கள் வீட்டில், "இன்னைக்கு எந்தப் பூவுல நின்னுச்சு?" என்றுதான் கேட்பார்கள். வாகையில் நின்றது, காந்தளில் நின்றது, தும்பையில் திணறி எப்படியோ பிழைத்தது என்று நானும் சொல்வேன். கேட்கிறவர்களுக்கு நான் பூப்பறிக்கப் போய்வந்தது போல இருக்கும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லாத வெள்ளை. அந்த வளைவில் எஞ்சின் அணைந்தால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக் கட்டையாகிவிடும். அப்போது எந்தப் பூவும் ஞாபகத்துக்கு வராது.

மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். வீடு சின்னமனூரில். தினமும் ஏறி இறங்குவேன். பிள்ளைகளெல்லாம் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். மழைக்காலத்தில் வகுப்பறைக்குள் மேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கரும்பலகையில் எழுதியது கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. "டீச்சர், மேகம் போகட்டும்" என்பார்கள். சரி என்று சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் பேசாமல் இருப்போம். பக்கத்துப் பிள்ளையின் முகம் மெல்ல மங்கி, மெல்லத் திரும்பி வரும். அந்தச் சும்மா இருத்தலுக்காகவே சம்பளம் இல்லாமல்கூட வேலை பார்ப்பேன் என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லி, வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

திட்டியவர் என் வீட்டுக்காரர். வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறார். லாரிக்காரர்கள், ஏஜெண்டுகள், ஏலத்தில் சண்டைக்கு வருகிறவர்கள் யாருக்கும் அஞ்சமாட்டார். மலைக்கு மட்டும் அஞ்சுவார். கல்யாணமான புதிதில் ஒருதடவை ஜீப்பில் என்னோடு ஏறிப் பார்த்தார். முதல் சில வளைவுகளிலேயே தலை சுற்றி, முகம் வெளுத்து, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்தே கீழே போய்விட்டார். அதற்குப் பிறகு ஏறவே இல்லை. என் பள்ளிக்கூடத்தை அவர் பார்த்ததில்லை. கூட வர முடியாத மனுஷன் தன்னால் முடிந்ததைச் செய்தார். வெள்ளிக்கிழமை காலையில் பூஜையறையில் சாம்பிராணி போட்ட கையோடு தூபக்காலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, காருக்கும் காட்டுவார். நான் உள்ளே டப்பாவில் சோறு அடைத்துக்கொண்டிருப்பேன். ஜன்னல் வழியாகப் புகையும் வாசனையும் வரும்.

கார் நிற்க ஆரம்பித்த வருடம் மாறுதல் கலந்தாய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கீழே சமவெளியில் இடம் கேட்டால் எனக்குக் கிடைத்துவிடும். "வண்டி சரியாகலைன்னா நீ கீழ எறங்கிரு" என்றார் வீட்டுக்காரர். காந்தள் வளைவில் கார் அணைந்து, பின்னால் வந்த தேயிலை லாரி என் மேல் உரசாமல் நின்ற நாள் அது. சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. மலையை விட்டுவிட்டால் எனக்குள் ஏதோ ஒன்று அணைந்துபோகும் என்று நிச்சயமாகத் தெரிந்தது. எனவே இந்த எஞ்சினுக்கு என்ன கோளாறு என்பது எனக்கு வாழ்வா சாவா என்கிற கேள்வி ஆனது.

முதலில் தேனியில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கே போய்ச் சேரும்போது கார் சாதுவாகிவிடும். பால் குடித்த பூனை மாதிரி உறுமலே இல்லாமல் நிற்கும். அவர்கள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "மேடம் கிளட்ச்சச் சரியா விடுறதில்ல போல" என்றார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழிக்கு என்னைத்தான் உதாரணம் காட்டினார்கள். சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கழுதை கெட்டால் குட்டிச்சுவர். கடைசியில் என் கொழுந்தனிடமே போனேன். சின்னமனூரிலேயே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவர். டிப்ளமோ படித்தவர், ஸ்கேனர் வைத்திருக்கிறவர், அண்ணன் மேல் உயிரையே வைத்திருக்கிறவர். சொந்தக்காரன் என்பதாலேயே அதுவரை நான் போகவில்லை. வீட்டு விஷயமெல்லாம் கிரீஸோடு சேர்ந்து கலங்கும் என்று ஒரு தயக்கம்.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. கேள்வி கேட்டார். எப்போது நிற்கிறது? சாயங்காலம், இறங்கும்போது. ஏறும்போது? இல்லை. கீழே வந்த பிறகு? இல்லவே இல்லை. பகல் முழுக்கக் குளிரில் கிடந்து, சூடேறாத எஞ்சினோடு இறங்கும்போது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மட்டும்தான் என்று சேர்ந்து கண்டுபிடித்தோம். குளிர்தான் சங்கதி என்றால் எஞ்சின் தண்ணீரின் சூட்டைப் பார்த்துச் சொல்லும் சென்சார் கோளாறாக இருக்கலாம் என்று அதை மாற்றினார். நின்றது, வாகையில். பிளக் மாற்றினார். நின்றது, காந்தளில். காற்று நுழையும் வால்வைக் கழற்றிக் கரி சுரண்டினார். இரண்டொரு நாள் நன்றாக இருந்து மறுபடி நின்றது. ஸ்கேனர் ஒரு தப்பும் சொல்லவில்லை. டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கும் எரியவில்லை.

"மதினி, சூடான பெறகு ஒரு கொறையும் தெரியல. ஆனா கம்ப்யூட்டரு வழக்கத்தவிடக் கூடுதலா பெட்ரோல ஊத்திக்கிட்டே இருக்கு. எதையோ சரிக்கட்டுது. எதையின்னுதேன் தெரியல" என்றார். "இங்கன வச்சுப் பாத்தா புடிபடாது. அங்கன, அந்தக் குளிர்லயே பாக்கணும்."

ஒரு சனிக்கிழமை இருவரும் ஏறினோம். பள்ளி விடுமுறை. கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு, அது ஆறட்டும் என்று காத்திருந்தோம். ஒரு எஞ்சின் குளிர்வதற்காக உட்கார்ந்திருப்பது போல அழகான வேலை உலகத்தில் உண்டா என்று தெரியவில்லை. புளிச்சோறு சாப்பிட்டோம். கொழுந்தன் காலி வகுப்பறையில் போய் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். தேயிலைச் சரிவில் ஒரு காட்டுமாடு வந்து எங்களைப் பார்த்துவிட்டு, எங்களைப் பார்த்ததையே மறந்ததுபோல் நின்றது. பிறகு மேகம் வந்தது. முதலில் காட்டுமாடு போயிற்று, பிறகு சரிவு, பிறகு கொடிக்கம்பம். கடைசியில் நாங்களும் காரும் மட்டும் மிச்சம்.

"ஸ்டார்ட் பண்ணுங்க மதினி."

உடனே திணறியது. குலுங்கியது, விக்கியது, ஒரு மூச்சு விட்டுப் பிடித்தது. கியர் லீவர் தானாக ஆடியது. கொழுந்தனுக்கு முகமெல்லாம் சந்தோஷம். இத்தனை நாள் வைத்தியரிடம் வந்ததும் மறைந்துபோன நோய் இப்போது கையும் களவுமாக மாட்டியது. ரப்பர் குழாய்களில் எங்காவது காற்றுக் கசிகிறதா என்று ஸ்பிரே அடித்துப் பார்த்தார். கசிவில்லை. ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு எண்களைப் பார்த்தார். "காத்து கொறவா வருதுங்குதே. எஞ்சின் இந்தச் சுத்து சுத்தும்போது இவ்வளவு கொறவா எப்படி வரும்?" என்றார். வண்டியை அணைத்து, ஏர் பில்டருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சென்சாரின் கனெக்டரைக் கழற்றினார். "இப்ப போடுங்க."

எஞ்சின் பிடித்தது. குலுங்கவில்லை. மேகத்துக்குள் அந்தச் சத்தம் அத்தனை மிருதுவாக, அத்தனை சீராகக் கேட்டது. என்ன நடந்தது என்றே எனக்குப் புரியவில்லை. ஒன்றைக் கழற்றினால் எப்படிச் சரியாகும்?

"பொய் சொல்ற ஆளு இவன்தேன் மதினி. இவன் வாய அடைச்சாச்சு. இப்ப கம்ப்யூட்டரு தன் உத்தேசத்துக்கு ஊத்துது" என்றார்.

அவர் விளக்கியதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். காற்று உள்ளே போகும் வழியில் முடி போன்ற ஒரு கம்பி இருக்கிறது. அதை மின்சாரம் எப்போதும் சூடாகவே வைத்திருக்கும். போகிற காற்று அதைக் குளிர வைக்கும். எவ்வளவு குளிர வைத்தது என்பதைக் கொண்டு எவ்வளவு காற்று வந்தது என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொள்கிறது. பந்தியில் தலையை எண்ணி உலை வைப்பதுபோல அந்தக் கணக்குக்கு ஏற்ற பெட்ரோலைக் கொடுக்கிறது. கம்பியின் மேல் அழுக்குப் படிந்தால் காற்று அதைத் தொடுவதில்லை. வந்த கூட்டத்தைப் பாதியாக எண்ணிப் பாதி உலை வைத்தால் என்ன ஆகும்? எஞ்சின் பசியில் விக்குகிறது. புகைக்குழாயில் இன்னொரு சென்சார் இருக்கிறது. வெளியே போகும் புகையைப் பார்த்து, "பத்தவில்லை, இன்னும் கொடு" என்று அது சொல்லும். ஆனால் தான் சூடான பிறகுதான் அது வாய் திறக்கும். அதனால்தான் கீழே வந்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது. குளிரில், வளைவில், எனக்காகப் பேச யாரும் இல்லை.

காற்றை அளக்கும் அந்தச் சென்சாரைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். கம்பியில் பழுப்பாக ஏதோ பூத்திருந்தது. "ஆயிலும் இல்ல, தூசியும் இல்ல. இப்புடி ஒரு அழுக்க நான் பாத்ததில்ல" என்று சொல்லிக்கொண்டே கிளீனரை அடித்தார். பழுப்பு கரைந்து சொட்டியது.

எனக்கு வாசனை வந்தது. கிளீனரின் நெடிக்கு அடியில், அந்தக் குளிர்ந்த வெள்ளைக் காற்றில், எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை வந்து நின்றது. ஒரு கணம் நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

"சாம்பிராணி" என்றேன்.

கொழுந்தன் விரலில் ஒரு சொட்டுத் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். பிறகு பில்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். பில்டர் அளவு சேராமல் ஒரு ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி. உள்சுவர் முழுக்க அதே பிசுக்கு. வெள்ளிக்கிழமைகளில் பானெட் திறக்கும் சத்தமும் எஞ்சின் ஓடும் சத்தமும் எனக்குக் கேட்டிருக்கின்றன. ஆயில் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன்.

"பிள்ளையார் புடிக்கக் கொரங்கா முடிஞ்ச கதையாவுல்ல இருக்கு" என்று கொழுந்தன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அண்ணன்கிட்டச் சொல்ல வேணாம் மதினி. பில்டர் கோளாறுன்னு சொல்லிருவோம். மனசு ஒடைஞ்சு போயிருவாக."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. காந்தள் வளைவில் நான் செத்திருப்பேனே! கோபத்துக்கு அடியில் அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு காரை இறக்கினேன். அன்று எந்தப் பூவிலும் நிற்கவில்லை. வேண்டுமென்றே தும்பையில் ஓரங்கட்டி, காலை எடுத்துவிட்டு, எஞ்சின் தானாக மெல்ல ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடியில் பள்ளத்தாக்கு முழுக்க வாழையும் நெல்லுமாக வெயிலில் மிதந்தது.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். மறைத்தால் அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி தூபக்கால் வரும். அவர் வாசல் படியில் நின்றபடியே கேட்டார்.

"எஞ்சினும் ஒரு இழுப்பு இழுக்கட்டும்னு காத்து இழுக்குற அந்த ஓட்டைக்கிட்டதேன் புடிப்பேன்" என்றார். "நல்லா உள்ள இழுக்கும். சாமி ஏத்துக்கிச்சுன்னு நெனப்பேன்." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நீ அங்கன நின்னுருச்சு, இங்கன நின்னுருச்சுன்னு வந்து சொல்லச் சொல்ல, பத்தலைபோலன்னு இன்னும் கூடப் போட்டேன்."

என் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கிட்டே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப நான் ஒனக்கு என்னதேன் செய்யிறது?" என்றார். நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

"ஒண்ணும் செய்யாதீங்க. நான் போயிட்டு வந்துருவேன்னு நம்புங்க, போதும்."

அவர் மலைப்பக்கம் பார்த்தார். அங்கே மேகம்தான் இருந்தது.

"அது சாம்பிராணி போடுறத விடக் கஷ்டமாச்சே" என்றார்.

மாறுதல் கலந்தாய்வு நடந்த அன்று நான் மலைமேல் வகுப்பில் இருந்தேன்.