பன்னிரண்டாவது ஊசி

அகனேத்தா லேவன் ஊசிகளை நான்கு முறை எண்ணிவிட்டாள். நான்கு முறையும் பதினொன்றுதான் வந்தது.

ப்ளூமென்தால் என்ற சிற்றூரின் தேவாலயக் கீழ்த்தளத்தில் செவ்வாய்தோறும் பெண்கள் கூடி, போரில் வீடிழந்தவர்களுக்குப் போர்வை தைப்பார்கள். துணியையும் பஞ்சையும் சேர்த்து முடிச்சுப் போடும் நூல் அவரவர் வீட்டு மிச்சம். அகனேத்தாவுடையது பச்சை, சூசானா டுயெக்குடையது பழுப்பு. தொடங்கும்போது பன்னிரண்டு ஊசி எண்ணிக் கொடுத்து, முடிந்ததும் எண்ணி வாங்குவது அகனேத்தாவின் சட்டம். போன வாரம் பனிப்புயல் வருகிறதென்று எல்லோரும் அவசரமாகக் கிளம்பியதில், சட்டம் போட்டவளே எண்ணாமல் டப்பாவை மூடிவிட்டாள். கட்டி வைத்த முப்பத்தொரு போர்வைகளையும் ஏற்றிப்போக இன்று இரண்டு மணிக்கு லாரி வருகிறது.

எண்ணுவது அவளுக்குப் பிறவிக் குணம் போல. கல்யாணத்துக்கு முன் ஒன்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தாள். புயல் நாளில் பிள்ளைகளைக் கயிற்றைப் பிடிக்க வைத்து, எண்ணி எண்ணி வீடு சேர்த்தவள். பிறகு தன் ஐந்து பிள்ளைகளைச் சாப்பாட்டு மேசையில் எண்ணினாள். ஒரு தலை குறைந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது.

அதற்கெல்லாம் முந்தையது ஒன்று உண்டு. அவள் பிறந்த உக்ரைனில் பஞ்சம் வந்தபோது அவளுக்கு நான்கு வயது. கடல் கடந்து வந்த ஒரு போர்வையில் அம்மா அவளைச் சுற்றி வைத்திருந்தாள். தைத்தது யாரென்று தெரியாது. அதில் ஓர் ஊசி இருந்திருந்தால்?

பழி போடவும் அவள் தாமதிக்கவில்லை. சூசானாவுக்குக் கண்ணில் புரை. புருஷன் போனபின் செவ்வாய்க்கிழமைதான் அவளுக்கு உயிர். அது தெரிந்தும், காலையில் தொலைபேசியில் கூப்பிட்டு, இனி ஊசியைத் தொட வேண்டாம், காபி போடுகிற வேலையைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டாள். சூசானா போனை வைத்துவிட்டாள். ஆனால் பத்து நிமிடத்தில் பனியில் வழுக்கி வழுக்கி வந்து நின்றவளும் சூசானாதான்.

"என்னாலதான தொலைஞ்சுது, நானே தேடறேன். இதுக்குக் கண்ணு எதுக்கு நேத்தா, கை போதும்."

கட்டுகளைப் பிரித்து, ஒவ்வொரு போர்வையாக மேசையில் விரித்து, இருவரும் வெறும் உள்ளங்கையால் அழுத்தித் தடவினார்கள். குத்தக் கூடாதே என்று கை பயந்தது, குத்தாதா என்று மனம் ஏங்கியது. இருபது முடிந்தது. இருபத்தைந்து. கடிகாரம் ஒன்றரையைத் தாண்டியது.

இருபத்தெட்டாவதில் சூசானா கையை இழுத்துக்கொண்டாள். விரலில் ஒரு துளி ரத்தம். பஞ்சுக்குள்ளிருந்து ஊசியை மெல்ல உருவினாள். அதன் காதில் நூல் இன்னும் தொங்கியது.

அதைக் கண்ணருகே கொண்டுபோய், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியவில்லை.

"என்ன கலர்டி?"

அகனேத்தா குனிந்து நூலைப் பார்த்தாள். கூட வேறு யாருமில்லை. பழுப்பு என்றால் சூசானா நம்பிவிடுவாள், ஏற்கெனவே நம்பிக்கொண்டுதான் வந்திருக்கிறாள். ஆனால் சத்தியம் செய்வதையே பாவம் என்று ஒதுக்கிய சனம் இவர்களுடையது. ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, அவ்வளவுதான் பேச்சு. வெளியே லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"பச்சை, சூஷ்" என்றாள்.

சூசானா கொஞ்ச நேரம் விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். பிறகு ஊசியை டப்பாவில் போட்டு மூடினாள்.

"அப்போ அடுத்த செவ்வா காபி நீ போடு."