இடது தாடைக்குக் கீழே ஒரு திட்டு

என் அண்ணன் முடிதிருத்துபவன். அவன் கத்தியை எடுத்தால் நாற்காலியில் இருப்பவர் குறட்டை விடுவார், அவ்வளவு பக்குவம். பக்கவாதத்தில் வலக்கை விழுந்ததும் அவன் நாற்காலி காலியாகிவிட்டது. பிறகு மருத்துவமனையில் அவன் மூளையில், கையை ஆட்டிவைக்கிற பகுதியின் மேல், நகத்தளவு சில்லு ஒன்றைப் பதித்தார்கள். கை எழுந்துவிட்டது. அண்ணிக்குச் சந்தோஷத்தில் அழுகை நிற்கவில்லை. எனக்கோ அந்தக் கையைப் பார்க்கவே பயமாக இருந்தது.

காரணம் இருக்கிறது. கடைக்குத் திரும்பிய பிறகு அவனிடம் சவரம் செய்துகொண்ட ஆளெல்லாம் இடது தாடைக்குக் கீழே ஒரு சின்ன மயிர்த்திட்டோடு போனார்கள். தபால்காரரோ வாத்தியாரோ, எல்லோருக்கும் அதே இடம். வழுக்கிக்கொண்டு வரும் கத்தி அங்கே மட்டும் வளைந்து ஒதுங்கும்.

"எவனோ ஒருத்தனோட பழக்கத்தை இவன் தலைக்குள்ள திணிச்சுட்டானுங்க அண்ணி."

"உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? சும்மா கெட."

சும்மா கிடப்பதா? ஊரார் கழுத்தில் அல்லவா கத்தி ஓடுகிறது! எங்கோ உட்கார்ந்து எவனாவது அந்தக் கையை ஆட்டினால்? ஒரு வெட்டு போதும், அண்ணன் கம்பி எண்ண வேண்டியதுதான். அதே கடையில், பக்கத்து நாற்காலியில் முடி வெட்டிக்கொண்டே நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பொறுக்க முடியவில்லை.

"அண்ணே, இனிமே கத்தி நான் புடிக்கிறேன். நீ கல்லாவுல உக்காரு."

அவன் முகம் விழுந்துவிட்டது. "என் கையை நீயே நம்பலையா?"

"அது உன் கைதானான்னு யாருக்குத் தெரியும்?"

"அப்ப நீ உக்காருடா."

உட்கார்ந்தேன். பயம்தான், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. அண்ணன் படுத்ததிலிருந்து வளர்ந்த தாடி. வேறு யாருக்கும் நான் முகத்தைக் கொடுத்ததில்லை. நுரை தடவி வழிக்க ஆரம்பித்தான். இடது தாடைக்குக் கீழே வந்ததும் கத்தி வளைந்தது.

"பாத்தியா! பாத்தியா! மறுபடியும் ஒதுங்குது!"

அவன் நுரையை விரலால் துடைத்தான். கண்ணாடியில் பார்த்தேன். அங்கே என் மச்சம், ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது. தாடிக்குள் அது இருப்பதையே மறந்திருந்தேன்.

"ஆஸ்பத்திரியில, யாருக்காவது சவரம் பண்ற மாதிரி மனசுல நெனச்சுக்கிட்டே இருங்க, அதைப் பாத்துத்தான் சில்லு கத்துக்கும்னாங்க," என்றான் மெதுவாக. "எனக்கு உன் மூஞ்சிதான்டா வந்துச்சு."

கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தேன்.

"ஆடாதடா, கத்தி இருக்கு," என்று அதட்டினான்.