சபேசன் மாமாவின் செப்பேடு

சபேசன் மாமா போன செய்தி ஆபீஸுக்குப் போனில் வந்தது. பேசியவர் நம் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் ராமதுரை. "கமலா, மாமா காலம்பற போயிட்டார். தூக்கத்திலேயே. மலருக்கு நீதான் எழுதணும், அவரோட பேச்செல்லாம் டைப் அடிச்சவ நீதானே" என்றார். மனிதர் போய் நாலு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் சங்கத்து ஆண்டு மலர். எனக்கு அழுகை வரவில்லை. இனிமேல் பொங்கலுக்கு யார் வந்து புளுகுவார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. சௌரங்கியில் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தருகே பஸ் நின்று நின்று போனதில், நான் டாக்குரியாவில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள்.

அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸில் அவர் தலைமை குமாஸ்தா. சங்கத்தில் எந்தப் பண்டிகை வந்தாலும் அதன் தோற்றமும் வரலாறும் என்று முக்கால் மணி நேரம் பேசுவார். தை முதல் மார்கழி வரை ஒன்றையும் விட்டதில்லை. பார்க் ஸ்ட்ரீட்டில் நட்சத்திரம் தொங்கவிட்டால் கிறிஸ்துமஸுக்கும் அவரிடம் ஒரு வரலாறு இருந்தது. சங்கத்தின் ஒரே தமிழ் டைப்ரைட்டரைத் தட்டத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால் அத்தனையும் என் விரல் வழியாகத்தான் வெளியே போனது. அதில் முக்கால்வாசி பொய்.

ஒரு சித்திரையில், வருஷப் பிறப்பைச் சோழர் கப்பல்காரர்கள்தான் வங்காளத்துக்குக் கொண்டுவந்தார்கள், அதைத்தான் இவர்கள் பொய்லா பொய்ஷாக் என்று கொண்டாடுகிறார்கள் என்று பேசினார். மறு சித்திரையில், வங்காளத்து நெல் வியாபாரிகள் அதை நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள் என்றார். இரண்டு கார்பன் காப்பியையும் எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். "போன தடவை தலைமை தாங்கினவர் நம்ம டாக்டர். இந்தத் தடவை வங்காளி ஜட்ஜ். வந்தவா சந்தோஷமா போகணும்டி" என்றார். கூச்சம் மருந்துக்கும் கிடையாது.

போகியன்று மொட்டை மாடியில் பழம்பாயைக் கொளுத்தினார். கீழ் வீட்டு வங்காளி, வீட்டுச் சொந்தக்காரர், "ஆகுன்! ஆகுன்!" என்று அலறிக்கொண்டு வாளித் தண்ணீரோடு ஏறி வந்தார். நெருப்பு பிடித்துவிட்டது என்று பயந்துவிட்டார், பாவம். வேறு யாராவது என்றால் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். மாமா சுத்தமான வங்காளியில், இந்த நாளில் வீட்டுச் சொந்தக்காரரும் குடித்தனக்காரரும் சேர்ந்து பழையதை எரித்தால் இரண்டு குடும்பத்துக்கும் நூறு ஆயுசு, இது பல்லவர் காலத்து வழக்கம் என்று ஆரம்பித்தார். சொந்தக்காரர் வாளியை வைத்துவிட்டுக் கீழே போய், உடைந்த பிரம்பு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடுத்த வருஷமும் அவரே தேதி கேட்டு வந்தார். இப்படிப்பட்ட ஆளை மதிக்க என்னால் முடிந்ததில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போனபோது எனக்கு முப்பது வயது. ஊருக்குக் கொண்டுபோய், மாமியார் வீட்டில் பத்தாம் நாள் எனக்கு என்னென்ன செய்தார்களோ அதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். வருஷம் திரும்பியதும் சங்கத்துக்கு மறுபடி போனேன். கொலுப் படி கட்டுவது, பொம்மை துடைத்து அடுக்குவது எல்லாம் பழையபடி என் வேலை. விளக்கேற்றுவதும் நான்தான் என்று நினைத்திருந்தேன். கூட்டத்தில் ராமதுரை எழுந்து, "யாரும் தப்பா எடுத்துக்கப்படாது. கமலா பொம்மை வைக்கட்டும், பேஷா வைக்கட்டும். விளக்கேத்தற நேரத்துக்கு மட்டும் கொஞ்சம் உள்ளே இருந்துட்டா... சம்பிரதாயம்னு ஒண்ணு இருக்கே" என்றார். முப்பது பேர் இருந்தார்கள். ஒருவர் வாய் திறக்கவில்லை.

மாமா தொண்டையைக் கனைத்தார். "சம்பிரதாயமா? எது சம்பிரதாயம்? கொலுவோட முதல் விளக்கை அந்த வீட்டில் புருஷனை இழந்தவள்தான் ஏத்தணும்னு சோழன் செப்பேட்டிலேயே இருக்கு. தேவியே தனியா நின்னு யுத்தம் பண்ணின ஒன்பது நாள் ஓய் இது! நடுவிலே வந்தவா மாத்திட்டா. ராமதுரைக்கு இது தெரியாதது எனக்கு ஆச்சரியமா இருக்கு." ராமதுரைக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஆமாமா, எங்கேயோ படிச்ச ஞாபகம்" என்றார். எங்கே படித்தார்? அப்போதுதானே பிறந்தது அந்தச் செப்பேடு! உடனே முப்பது தலையும் ஆடின.

முதல் நாள் சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்குச் சரியாக லோட் ஷெட்டிங். இருட்டில் நான் ஏற்றினேன்.

மறுநாள் அந்தப் பேச்சை எழுதிக் கொண்டுவந்து தட்டச் சொன்னார். "எந்த ஊர்ச் செப்பேடு மாமா?" என்றேன். "இடம் விட்டுத் தட்டு. ஊர் நாளைக்குச் சொல்றேன்." ஆத்திரம் தாங்கவில்லை. "அவளும் மனுஷிதான், படி கட்டினவ ஏத்தட்டும்னு ஒரு வார்த்தை சொல்லத் தைரியம் இல்லை. அதுக்கு ஒரு பொய்யா? எனக்கு இந்தப் பிச்சை வேண்டாம்" என்று கத்தினேன். அவர் மூக்குப்பொடியை உதறிக்கொண்டே சொன்னார்: "சொல்லியிருந்தா நீ இன்னும் உள் ரூம்லதான் உட்கார்ந்திருப்பே. இவா மனுஷாளுக்கு அசைய மாட்டா. செப்பேட்டுக்குத்தான் அசைவா."

அவர் வீட்டுக்குப் போன பிறகு, ஊர்ப் பெயருக்கு இடம் விட்டு மீதியைத் தட்டி முடித்தேன். பிறகு என் மாமியார் ஊர்ப் பெயரை, கீழமங்கலம் என்று, நானே தட்டினேன். எனக்குச் செய்ததற்கு அந்த ஊருக்கு அது வேண்டும். அவர் படித்துப் பார்த்து அப்படியே கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் நான்தான் விளக்கேற்றுகிறேன். கீழமங்கலம் செப்பேட்டை மூன்று மலர்களில் மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். ஒருத்தராவது கீழமங்கலம் எங்கே இருக்கிறது என்று கேட்டதுண்டா?

இப்போது கேட்கிறீர்கள். பதிமூன்றாம் நாள் மாமாவின் மனைவி விசாலம் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வருஷம் திரும்பினப்புறம் சங்கத்து நவராத்திரிக்கு என்னையும் ஏத்த விடுவாளாடி? ஆத்துல நாப்பது வருஷமா ஏத்தின கை. அந்தச் செப்பேடாவது நெஜம்தானே?" என்று கேட்டாள். நான் விடைபெற்றுக்கொண்டு கிளம்பினேன். வாசலில் ராமதுரை என்னை நிறுத்தினார். "புதுசா வந்திருக்கற பாங்க் ஆபீசரெல்லாம் ஆதாரம் கேக்கறா கமலா. செப்பேட்டோட படம் மலர்ல வரணும். இல்லேன்னா மாமி விஷயத்துல, உன் விஷயத்துலயும்தான், பழையபடி யோசிக்க வேண்டியிருக்கும்." மலருக்கு எழுதித் தரச் சொன்னது இதற்குத்தான் போலிருக்கிறது.

எழுதிவிட்டேன். செப்பேடு கிடையாது. சொன்னவர் சபேசன், ஊர் போட்டவள் கமலா. இதை மாமியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். சிறிது நேரம் அழுதாள். பிறகு, "அப்போ அவர் உனக்காகத்தான் பொய் சொல்லியிருக்கார்" என்றாள். ராமதுரை, ஒரு வரியும் வெட்டாமல் போடுங்கள்.

அவருடைய பொய்கள் எனக்கு வேண்டாம், அவற்றை உங்களிடமே விட்டுவிடுகிறேன். உங்கள் மேல் அவருக்கிருந்த இளக்காரம் ஒன்றைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன். வரும் வருஷம் நவராத்திரி முதல் நாள் படி கட்டிவிட்டு, மாமியைக் கையைப் பிடித்து அழைத்து வந்து விளக்கின் முன் நிறுத்துவேன். மாமியிடம் செப்பேடு இருக்காது, தீப்பெட்டி மட்டும்தான் இருக்கும். வாழ்நாளெல்லாம் புளுகிய மனிதர், நீங்கள் மனுஷாளுக்கு அசைய மாட்டீர்கள் என்று சொன்னதாவது நிஜமா என்று அன்றைக்குப் பார்த்துவிடலாம்.