ரோல் கம்மி, பெரியப்பா

மகள் கல்யாணத்துக்குப் போட்டோகிராபரைப் பேசி முடிக்க, போன வாரம் அடையாறில் ஒரு ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்தேன். அவர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். கேண்டிட் தனி, டிரோன் தனி, ஆல்பம் தனி. மொத்தத் தொகையைப் பார்த்ததும் தண்ணீர் கேட்டேன். அந்தக் காசில் என் கல்யாணத்தையே இரண்டு தடவை செய்திருக்கலாம். மனைவி சம்மதித்திருக்க மாட்டாள் என்பது வேறு விஷயம்.

"போட்டோ அன்லிமிடெட் சார். எவ்ளோ வேணா எடுப்போம்" என்றார். உடனே பெரியப்பா ஞாபகம் வந்தது. வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் கழித்தும் எரிகிறது, என்ன செய்ய?

அப்பா இறந்த மறுவருஷம் அக்காவுக்குக் கல்யாணம். தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த பெரியப்பாதான் செலவுக்கு அதிகாரி. பணம் என்னவோ அப்பா சேர்த்து வைத்தது. அப்போது போட்டோ பட்ஜெட் என்றால் ஃபிலிம் ரோல் கணக்குதான். மூன்று ரோலுக்கு மேல் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

தாலி கட்டும்போது அம்மா தூணுக்குப் பின்னால் நின்றாள். ரிசப்ஷனில் அக்காதான் அவள் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். அம்மாவுக்கு அரக்குப் பட்டுப்புடவை. பளிச்சென்று ஃப்ளாஷ். இன்னொன்று. அப்பா போனபிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஆல்பம் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் நடுவே பட்டர் பேப்பர், பசையும் கெமிக்கலும் கலந்த வாசனை. பெரியப்பா இருந்தார், அவர் கடை வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அம்மா இல்லை. இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று நகத்தால் பிரித்துப் பார்த்தாள். "நான் சரியா நிக்கலையோ என்னவோ" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

படமெடுத்த, மயிலாப்பூரில் ஸ்டுடியோ வைத்திருந்த மோகனிடம் சண்டைக்குப் போனேன்.

"இன்னா நைனா, என்னாண்ட வந்து கத்துற? ரோலு கம்மியா கீது, தாலி எறங்குனவங்க படம் எதுக்கு, அவங்க நின்னா டம்மி ஃப்ளாஷ் அடின்னு உங்க பெரியவருதான் சொன்னாரு."

மேடையைக் கூட்டம் மொய்க்கும்போது, யார் மனசும் கோணாமல் இருக்க, படம் எடுக்காமலே வெளிச்சத்தை மட்டும் அடிப்பதுதான் டம்மி ஃப்ளாஷ். அந்தத் தொழிலில் எல்லோரும் செய்ததுதான். கல்யாணப் பெண்ணைப் பெற்ற தாய்க்கே அடிக்கச் சொன்னவர் எங்கள் பெரியப்பா.

மனசில் வைத்துக்கொண்டேன். சில வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மண்டபத்துக்கும் முன்னால் மோகனைப் பேசினேன். என் சம்பளம், என் பட்ஜெட், ரோல் தாராளம். "எங்கம்மாவ எவ்ளோ வேணா எடு. பெரியப்பா நின்னா டம்மி" என்றேன். மோகன் யோசிக்கவே இல்லை. "செஞ்சிடலாம் நைனா."

பெரியப்பா நின்ற நிற்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அங்கவஸ்திரத்தை நீவிவிட்டு, தொப்பையை உள்ளே இழுத்து, "இன்னொண்ணு எடுப்பா, கண்ண மூடிட்டேன்" என்றார். "எடுத்துட்டா போச்சு சார்." பளிச். என் கல்யாணப் படங்களில் நான் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பதை வெட்கம் என்றே மனைவி இன்றுவரை நம்புகிறாள்.

ஆல்பம் பார்க்க வீட்டுக்கு வந்தார். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் அம்மா. ஒருதரம் முழுக்கப் புரட்டினார். பிறகு அவரும் நகத்தால் தாளைப் பிரித்துப் பார்த்தார்.

"நான் எங்கடா?"

"ரோல் கம்மி, பெரியப்பா."

நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். "காபி ஆறுது, குடிங்க" என்றாள் அம்மா. குடிக்காமலே எழுந்து போனார். அதை நானே குடித்தேன். அப்படியொரு காபி அப்புறம் எனக்குக் கிடைக்கவே இல்லை.

பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், நான் மன்னிக்கவில்லை. அம்மாவும் போய்விட்டாள். மோகன் ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள்.

"யாரையாச்சும் முக்கியமா கவர் பண்ணணும்னா முகத்தக் காட்டி வைங்க சார்" என்றார் அடையாறுக்காரர். அக்கா கல்யாணப் படம் ஒன்று என் போனில் இருக்கிறது. அம்மா மேடையிலிருந்து இறங்கும்போது, அடுத்து நின்ற யாருக்காகவோ எடுத்தது. அக்கா பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஓரத்தில் அரக்கு முந்தானை கொஞ்சம் தெரியும். மணக்கோலத்து அக்காவோடு அம்மா இருப்பது அவ்வளவுதான்.

போனை நீட்டினேன். அவர் வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "முகமே விழலையே சார்?"

"ரோல் கம்மி" என்றேன். அவருக்குப் புரியவில்லை.