கட்டத்தில் இல்லாத முதலாளியம்மா

லூகாங் ஊர்ல எங்க தண்ணிக்குழாய்ப் பட்டறைக்குள்ள நுழைஞ்சா இடப்பக்கச் சுவத்துல, யாருக்கு என்ன வேலைன்னு காட்டுற ஒரு பெரிய படம் தொங்கும். உச்சியில ஒரு கட்டம், அதுல முதலாளி ஷி வென்தாங். அடுத்த கட்டத்துல மேலாளர், அவரோட மகன் யென்டிங். அதுக்குக் கீழ அஞ்சு துறைக்கு அஞ்சு கட்டம். அடியில மத்த எல்லாரோட பேரும். ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல வேலைக்குச் சேர்ந்த தேதி. குழாயை அட்டைப்பெட்டியில அடைக்கிற என் பேரு, ஆ-சின், அதுகூட இருக்கு. முதல்நாள் அதை மாட்டினப்ப மேலயிருந்து கீழ வரைக்கும் படிச்சேன். படிச்சு முடிச்சதும் எனக்கு வயிறு எரிஞ்சுது. யூலான் அக்கா பேரு எங்கயுமே இல்ல.

யூலான் அக்கா முதலாளியோட சம்சாரம். ஊரே "முதலாளியம்மா"ன்னுதான் கூப்பிடும். பேரு பெத்த பேருதான், சம்பளம் கிடையாது, தொழிலாளர் காப்பீடு கிடையாது, லீவும் கிடையாது. அவ கல்யாணம் ஆகி வந்தப்ப இந்தப் பட்டறை மாமனார் நடத்தின தகரக் கொட்டகை. கல்யாணம் ஆன மூணாம் நாள் மோதிரத்தைக் கழட்டி வெச்சுட்டுக் குழாய்க்கு மரை போட உக்காந்தவ. வென்தாங் அந்தச் சமயத்துல வெளியூர்ல ஒரு வார்ப்பு ஆலையில கூலிக்குப் போய்க்கிட்டு இருந்தார். அவர் இங்க வந்து சேர்ந்ததே அடுத்த வருஷம்தான்.

எங்க ஊர்ல மெருகு போடற வேலை வீட்டுக்கு வீடு நடக்கும். வார்ப்புல இருந்து வந்த குழாயை ஸ்கூட்டர்ல கூடை கட்டி அந்த வீடுகளுக்குக் கொண்டுபோய்க் குடுக்கறதும், மினுமினுன்னு ஆனதும் திருப்பி வாங்கிட்டு வர்றதும் அவதான். ஒரு வீட்டுல அதட்டணும், இன்னொரு வீட்டுல அன்னாசிப்பழம் குடுத்துக் கொஞ்சணும். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறந்து, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறந்து வேலை வாங்குவா. முலாம் பூசறவர் கோவிச்சுக்கிட்டா சமாதானம் பண்ணணும், கணக்கு எழுதணும், மாசத்துல ரெண்டு தடவை வாசல்ல மேஜை போட்டு நிலச்சாமிக்குப் படைக்கணும். இதுக்கு நடுவுல எங்க எல்லாருக்கும் மத்தியானச் சோறு. அதையும் அவளேதான் ஆக்குவா.

போன வருஷம் வெளிநாட்டுல இருந்து சரக்கு எடுக்கிற கம்பெனி ஒரு நிபந்தனை போட்டுச்சு. யார் எந்த வேலை, எது எப்படி நடக்கும்னு எழுத்துல இருந்தாத்தான் இனிமே ஆர்டராம். யென்டிங் தைச்சுங் நகரத்துல இருந்து சுவாங்னு ஒரு ஆலோசகரைக் கூட்டிக்கிட்டு வந்தான்.

நியாயத்தைச் சொல்லிடறேன், ஒழுங்குமுறையே வேண்டாம்னு நான் சொல்ல வரல. முன்னாடியெல்லாம் ஊசித்துளை விழுந்த குழாய் நல்ல குழாயோட கலந்து போயிடும், அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக் கத்துவோம். இப்ப தேறாததுக்குச் சிவப்புத் தட்டு, தேறினதுக்குப் பச்சைத் தட்டு. தரையில மஞ்சள் கோடு. எந்தச் சாமான் எங்க இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம். சுவாங் கெட்டிக்காரர்தான், பொய் சொல்லக்கூடாது.

ஆனா அந்த மனுஷன் இதையெல்லாம் யாருகிட்ட கேட்டு எழுதினார்? அடுக்களையில முக்காலி போட்டு உக்காந்துகிட்டு யூலான் அக்காகிட்டதான் கேட்டார்.

"அக்கா, மெருகுக்காரங்க சரக்கைத் தாமதம் பண்ணா என்ன செய்வீங்க?"

"முதல்ல அவங்க வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையான்னு கேப்பேன். அப்புறம்தான் திட்டுவேன்."

அதையும் எழுதிக்கிட்டார். வெங்காயத்தாளை நறுக்கிக்கிட்டே அவ சொல்லச் சொல்ல, வாங்குற துறை, அனுப்புற துறை, தரம் பாக்குற துறை, கணக்குத் துறை, ஆள் துறைன்னு அஞ்சு துறை பிறந்துச்சு. அஞ்சும் ஒருத்தி செஞ்ச வேலை. அஞ்சு கட்டத்துலயும் அஞ்சு புது ஆளுங்க பேரு. அவங்களுக்கு வேலை சொல்லிக் குடுத்ததும் அவதான், வெக்கக்கேடு.

படத்தை மாட்டின அன்னைக்கு அக்கா ஏப்ரன்ல கையைத் துடைச்சுக்கிட்டு வந்து நின்னா. விரலால ஒவ்வொரு கட்டமாத் தொட்டுப் பாத்தா.

"நான் எங்கப்பா இருக்கேன்?"

யென்டிங் தலையைச் சொறிஞ்சான். சுவாங்தான் பதில் சொன்னார். "நீங்க குடும்பத்து ஆளுக்கா. இதுல ஊழியருங்க மட்டும்தான் வருவாங்க. காப்பீடும் இந்தப் படத்தை வெச்சுத்தான் போடறோம்."

முதலாளி சிரிச்சார். "கல்லாச் சாவியே உன் இடுப்புலதான தொங்குது. உனக்கு எதுக்குக் கட்டம்?"

"சாவி தொங்குதுங்க. கல்லாவுல என் பேர்ல ஒண்ணும் இல்லையே."

"வீட்டுக்காரிக்குச் சம்பளம் குடுத்தா ஊர் சிரிக்கும்"னு சொல்லிட்டு அவர் டீ குடிக்கப் போயிட்டார். ஊர் சிரிக்குமாம். ஒரு பொம்பளையை ஆயுசு பூரா சும்மா வேலை வாங்கினதுக்கு ஊர் சிரிக்கல, இதுக்குச் சிரிச்சிடுமாக்கும்.

அன்னைக்குச் சாயங்காலம் என் பக்கத்துல உக்காந்து பெட்டிக்கு டேப் ஒட்டிக்கிட்டே சொன்னா. "முட்டி தேஞ்சு போச்சுடி ஆ-சின். நாளைக்கு மருந்து வாங்கக்கூட மகன்கிட்ட கை நீட்டணுமா? உழைச்சவங்க எல்லாருக்கும் கிடைக்கிறதைத்தானே கேக்குறேன்."

அதுக்கப்புறமும் கேட்டுப் பாத்தா. புருஷன் "புத்தாண்டு போகட்டும்"பார். மகன் "அப்பாகிட்ட பேசறேன்மா"ன்னு நழுவுவான். எனக்குப் பொறுக்கல. "ஏன்க்கா, நீங்க என்ன வாயில்லாப் பூச்சியா? ரெண்டு நாள் சமைக்காம படுத்துக்கோங்க, தெரியும் சேதி"ன்னேன்.

"ஆளுங்க பட்டினி கிடப்பாங்கடி. கொஞ்சம் பொறு, வருஷக்கடைசி விருந்து வருதுல்ல"ன்னா. அதுக்கு மேல ஒரு வார்த்தை வாங்க முடியல.

அந்த விருந்து எல்லாப் பட்டறையிலயும் நடக்கும். முதலாளி ஆளுங்களுக்குப் போடற சோறு. ஒவ்வொரு மேஜைக்கும் தலையோட முழுக்கோழி வரும். கோழித்தலை யாரைப் பாத்து வெச்சிருக்கோ அவங்களுக்கு அடுத்த வருஷம் வேலை இல்லைன்னு அர்த்தம். முதலாளியைப் பாத்து இருந்தா யாருக்கும் வேலை போகாது. வாயால சொல்லக் கூசினதைக் கோழி சொல்லிடும். அதனாலேயே யூலான் அக்கா ஒவ்வொரு வருஷமும் சமையல்காரர்கிட்ட சொல்லிக் கோழித்தலையை இறக்கைக்கு அடியில மடக்கி வெக்கச் சொல்லுவா. எங்க பட்டறையில யாரும் பயந்து பயந்து சாப்பிட்டதில்ல.

இந்தத் தடவை முற்றத்துல பந்தல் போட்டு, மெருகுக்காரங்களையும் கூப்பிட்டிருந்தாங்க. எங்க மேஜைக்கு வந்த கோழி தலையை நிமித்திக்கிட்டு வந்துச்சு. தலையை மடக்கச் சொல்ல அக்கா மறந்துட்டாளான்னு திரும்பிப் பாத்தேன். முதலாளியும் பாத்துட்டார், பக்கத்து மேஜையில அவர் முகம் வெளுத்துப்போச்சு.

வழக்கமா அக்கா உக்காரவே மாட்டா, மேஜை மேஜையா ஓடிக்கிட்டு இருப்பா. அன்னைக்கு வந்து என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தா. ரெண்டு கையாலயும் தட்டைப் பிடிச்சு, மெதுவாச் சுத்தி, கோழித்தலையைத் தன் பக்கமாத் திருப்பி வெச்சா.

முதலாளி எழுந்து வந்தார். "என்ன பண்ற யூலான்? நல்ல நாளும் அதுவுமா."

"கோழி என்னைப் பாக்குதுங்க. எனக்கு வேலை போச்சு."

"உனக்கு ஏது வேலை போறதுக்கு?"

"அதைத்தான் கேக்குறேன். வேலையில இல்லாதவளுக்கு வேலை போகாது. இத்தனை வருஷம் நான் இங்க வேலை செஞ்சேனா, இல்லையா? எல்லாரும் இருக்காங்க, சொல்லிடுங்க."

அவர் தட்டைத் திருப்பக் கை நீட்டினார். மெருகு போடற லின் அண்ணன் தொண்டையைக் கனைச்சுக்கிட்டார். மாமனார் காலத்துல இருந்து இந்தப் பட்டறைக்கு வேலை செய்யற மனுஷன்.

"யோசிச்சுத் திருப்புங்க முதலாளி. திருப்பினீங்கன்னா அவங்களுக்கு வேலை இருக்குன்னு அர்த்தம். இருந்தா கட்டம் போடணும், காப்பீடு போடணும். திருப்பலைன்னா, வேலை செஞ்சவங்களை நீக்கிட்டீங்கன்னு அர்த்தம். ஊர் பாத்துக்கிட்டு இருக்கு."

முதலாளியோட கை தட்டு மேல அப்படியே நின்னுச்சு. சத்தியமா எனக்கு அவர்மேல கொஞ்சமும் இரக்கம் வரல. நல்லா நிக்கட்டும்னு இருந்துச்சு. கடைசியில அவர் தட்டைச் சுத்தித் தலையைத் தன் பக்கமே திருப்பிக்கிட்டார்.

"யாருக்கும் வேலை போகல. யூலானுக்கும் போகல."

"கேட்டுக்கிட்டீங்கல்ல எல்லாரும்?"னார் லின் அண்ணன். அக்கா ஒரு தொடையைப் பிச்சு என் கிண்ணத்துல வெச்சா. "சாப்பிடுடி, ஆறிப்போகுது"ன்னா.

புத்தாண்டு முடிஞ்சு பட்டறை திறந்த அன்னைக்குச் சுவத்துல புதுப் படம் தொங்கிச்சு. முதலாளி கட்டத்துக்குப் பக்கத்துல கோடு இழுத்து ஒரு புதுக் கட்டம், அதுல நிர்வாக மேற்பார்வை, லியாவ் யூலான்னு பொறந்த வீட்டுப் பேரோட. சேர்ந்த தேதி அன்னைக்குத் தேதியே.

"என்னப்பா இது, இன்னைக்குத்தான் வந்தேனா?"ன்னு அக்கா மகனைக் கேட்டா.

"காப்பீட்டு ஆபீஸ்ல இனிமேதான்மா எடுத்துப்பாங்க. பழைய வருஷத்தையெல்லாம் சேக்க முடியாதாம்."

உழைச்ச வருஷமெல்லாம் போனது போனதுதானாம். கேக்கும்போதே எனக்கு நெஞ்சு கொதிச்சுது.

"ஆபீஸ்ல எப்படி வேணா எழுதிக்கோ. இது என் சுவர்"னு சொல்லி, அக்கா என் கையில இருந்த கறுப்பு மார்க்கரைப் பிடுங்கினா. அச்சடிச்ச தேதியை அடிச்சா. கல்யாணம் ஆன மூணாம் நாளோட தேதியை மேல எழுதினா. பக்கத்துக் கட்டத்துல இருந்த புருஷன் தேதியைவிட அது ஒரு வருஷம் மூப்பு.

முதலாளி வந்து ரெண்டு தேதியையும் மாறி மாறிப் பாத்தார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு மறுபடியும் பாத்தார். அப்புறம், "மத்தியானத்துக்கு என்ன சமையல்?"னு கேட்டார்.

அக்கா படத்தைக் கைகாட்டினா. "சமையல் எந்தத் துறைன்னு அதுல பாத்துச் சொல்லுங்க."

முதலாளி நிஜமாவே தேடினார். புதுப் படத்தை மாட்ட வந்திருந்த ஆலோசகரும் கிட்டப் போய்த் தேடினார். அஞ்சு துறையிலயும் அடுப்பு இல்ல. அன்னைக்கு எல்லாரும் தெருமுனைக் கடையில நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டோம், யூலான் அக்கா எங்களோட உக்காந்து சாப்பிட்டா, காசு முதலாளி குடுத்தார்.